கரண்டைப் பாதியில நிறுத்திட்டு ஜீன் தெரபிக்குப் போகலாமா?

இந்த வாரம் வந்த லெட்டர்கள்ல ஒண்ணு அவசரம், நாள் தள்ளினா அர்த்தமில்லாமப் போயிடும், அதனால வரிசையை மீறி முதல்ல எடுத்துக்கறேன். எழுதினவங்க தென் மாவட்டத்துல இருக்கற ஒரு பெண், வயசு 31, ரெண்டு சின்னப் பிள்ளைங்க. அவங்க அப்பாவுக்கு 59, லாரி ஓட்டினவர். அவருக்கு நாக்கோட அடிப்பகுதியில கேன்சர், கழுத்துல ஒரே பக்கமா ரெண்டு மூணு நெறி, ஸ்டேஜ் 4ஏ. பெட் ஸ்கேன்ல வேற எங்கயும் பரவல. ஆபரேஷன் பண்ணா பேச்சும் முழுங்கறதும் ரொம்பவே பாதிக்கும், கரண்டும் (ரேடியேஷனைத்தான் நம்ம ஊர்ல அப்படிச் சொல்றோம்) கீமோவும் சேர்த்துக் குடுக்கலாம்னு டாக்டர்கள் கூடிப் பேசி முடிவெடுத்து, 35 தடவை ரேடியேஷன், அதோட வாரம் ஒரு தடவை சிஸ்பிளாட்டின்ங்கற கீமோ மருந்துன்னு ஆரம்பிச்சிருக்காங்க. 12 முடிஞ்சிருக்கு. வாயெல்லாம் புண்ணாகி சாப்பிட முடியாம, மூணு நாளா அப்பா ஆஸ்பத்திரிக்கே வரமாட்டேன்னு படுத்துட்டார்.

இந்த நேரம் பார்த்து அண்ணனோட சிநேகிதர் மூலமா ஒரு ஏஜென்ட் வந்திருக்கார். சைனாவுல ஜீன் தெரபி இருக்கு, கட்டிக்குள்ள நேரா ஊசி, அதோட ரேடியேஷன், 100க்கு 64 பேருக்கு கட்டி இருந்த இடமே தெரியாமப் போயிருக்கு, இங்க இருக்கற டாக்டருங்க இதை மறைக்கறாங்க, கரண்டை நிறுத்திட்டு வாங்க, அங்க முதல்ல இருந்து ஆரம்பிச்சுக்கலாம்னு சொல்லியிருக்கார். மொத்தம் 22 லட்சம். 50,000 அட்வான்ஸ் போயாச்சு, மீதிக்கு மனையை விக்கப் பேசிட்டிருக்காங்க. பயாப்ஸி ரிப்போர்ட்ல பி53 மாறியிருக்குன்னு ஒரு வரி இருக்காம், அதைக் காட்டி ‘இந்த ஜீனைத்தான் நாங்க சரி பண்ணப் போறோம்’னாராம். நிறுத்தலாமா, போகலாமா, இங்கயே அந்த ஊசியை வரவழைக்க முடியுமா, அந்த வைரஸ் வீட்ல இருக்கற பிள்ளைங்களுக்கு ஒட்டுமா, இதெல்லாம்தான் கேள்வி. நடுவுல போற போக்குல ஒரு வரி: ‘பீடியை மட்டும் முழுசா விடல, ஒரு நாளைக்கு ரெண்டு மூணுதான்.’

அம்மா, பதிலை முதல்லயே சொல்லிடறேன், காரணம் பின்னாடி வரும். அப்பாவை நாளைக்குக் காலையிலயே 13வது கரண்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. மனையை விக்காதீங்க. ஏஜென்ட் சொன்னது முழுப் பொய் இல்ல, அதுதான் இதுல ஆபத்தே. நிஜமான ஒரு மருந்து, நிஜமான ஒரு நம்பர், ஆனா அதை வெச்சு அவர் உங்களைச் செய்யச் சொல்ற காரியம் அந்த மருந்தைக் கண்டுபிடிச்சவங்களே செய்யச் சொல்லாதது. அவங்க சோதனையில கரண்டும் ஊசியும் ஒண்ணாப் போச்சு. கரண்டை நடுவுல நிறுத்திட்டு ஊசி தேடிப் போனவங்க யாரும் அந்த 64ல இல்ல.

அந்த ஊசி என்ன, அந்த 64 எங்க இருந்து வந்துச்சு

மருந்து பேரு ஜென்டிசின். சைனாவுல ஷென்சென் நகரத்துல இருக்கற சிபியோனோங்கற கம்பெனி தயாரிச்சது, 2003 அக்டோபர்ல அந்த நாட்டு அரசு அனுமதி குடுத்துச்சு. உலகத்துலயே விற்பனைக்கு அனுமதி வாங்கின முதல் ஜீன் தெரபி மருந்து அதுதான். தலை, கழுத்துப் பகுதி கேன்சருக்கு, ரேடியேஷனோட சேர்த்துக் குடுக்கறதுக்குன்னுதான் அனுமதியே.

பி53 என்ன பண்ணுதுன்னு உங்க அப்பாவுக்குப் புரியற மாதிரி சொல்லணும்னா, அது எஃப்சி பார்க்கற இன்ஸ்பெக்டர். செல்லுக்குள்ள டிஎன்ஏ அடிபட்டிருந்தா வண்டியை நிறுத்தி வைக்கும், சின்ன ரிப்பேர்னா பார்த்துட்டு விடும், தேறாதுன்னா உடைக்க அனுப்பிடும், அதாவது அந்த செல் தன்னைத்தானே அழிச்சுக்கும். ரேடியேஷன் செய்யற வேலை டிஎன்ஏவை உடைக்கறது. உடைஞ்சதைப் பார்த்து ‘இது செத்தாகணும்’னு உத்தரவு போட பி53 இல்லன்னா, சில கேன்சர் செல்லுங்க உடைஞ்ச டிஎன்ஏவோடயே தப்பிச்சு ஓடிட்டிருக்கும். அதனால சளி, ஜுரம் வர வைக்கற அடினோவைரஸ்ல அது பெருகறதுக்குத் தேவையான பகுதியை எடுத்துட்டு, அந்த இடத்துல நல்ல பி53 ஜீனை வெச்சு, வாரத்துக்கு ஒரு தடவை கட்டிக்குள்ள ஊசியா போடறாங்க. யோசனை அருமையானது, ஒரு ரேடியேஷன் டாக்டரா எனக்கு இன்னிக்கும் பிடிச்ச யோசனை. ஆனா ‘ஜீனை சரி பண்ணப் போறோம்’னு அவர் சொன்னது தப்பு. கெட்டுப்போன ஜீன் கெட்டுப்போனபடியேதான் இருக்கும், நல்ல காப்பி ஒண்ணு கூடுதலா கொஞ்ச நாளைக்கு வேலை செய்யும், அதுவும் ஊசி மருந்து போய்ச் சேர்ந்த செல்லுங்கள்ல மட்டும். கட்டியில ஒரு மூலைக்கு மருந்து போய் இன்னொரு மூலைக்குப் போகலன்னா அந்த மூலை பழையபடிதான். கழுத்துல கண்ணுக்குத் தெரியாம சிதறிக் கிடக்கற செல்லுக்கு ஊசி எட்டவே எட்டாது, ரேடியேஷன் எட்டும். பி53 மாறியிருக்கறதும் உங்க அப்பாவுக்கு மட்டும் நடந்த அதிசயம் இல்ல, புகையிலையால வர்ற தலை கழுத்துக் கேன்சர்ல பெரும்பாலானவங்களுக்கு இருக்கறதுதான்.

64க்கு வருவோம். சைனாவுல நடந்த ஆரம்ப காலச் சோதனையில, ரேடியேஷனோட ஊசியும் வாங்கினவங்கள்ல 64 சதவீதம் பேருக்கு கட்டி முழுசா மறைஞ்சது, ரேடியேஷன் மட்டும் வாங்கினவங்கள்ல 19 சதவீதம். இது பிரசுரமான நம்பர்தான். பெரிய வித்தியாசம் மாதிரி தெரியுது இல்லையா? ஆனா கட்டி மறையறது வேற, ஆள் பல வருஷம் இருக்கறது வேற. இதைப் பார்க்க நல்ல ஆதாரம் 2009ல வந்த இன்னொரு சைனா ஆராய்ச்சி. 82 பேர், எல்லாருக்கும் மூக்குக்குப் பின்பக்கத் தொண்டையில கேன்சர், 70 கிரே (கிரேங்கறது கதிரோட அளவு) ரேடியேஷன், பாதிப் பேருக்கு அதோட இந்த ஊசி 8 வாரம். ரெண்டு மாசம் கழிச்சுப் பார்த்தப்ப முழுசா மறைஞ்சது ஊசி போட்டவங்கள்ல 66.7 சதவீதம், போடாதவங்கள்ல 24.4. அஞ்சு வருஷம் கழிச்சு அதே இடத்துல நோய் அடங்கியிருந்தது 97.3க்கு 72. இதுவும் நல்லாத்தான் இருக்கு. ஆனா அஞ்சு வருஷம் உயிரோட இருந்தது 66.6க்கு 59.1. இத்தனை சின்ன கூட்டத்துல இந்த வித்தியாசம் தற்செயலாவே வரலாம்னு அந்த ஆராய்ச்சியோட கணக்கே சொல்லுது.

இதைவிட முக்கியமான ஒண்ணை ஏஜென்ட் உங்ககிட்ட சொல்லியிருக்கவே மாட்டார். அந்த ஊசியை ஒப்பிட்டது ரேடியேஷன் மட்டும் குடுத்தவங்களோட. உங்க அப்பாவுக்கு ஓடிட்டிருக்கறது ரேடியேஷன் மட்டும் இல்ல, கூடவே சிஸ்பிளாட்டினும் இருக்கு. சிஸ்பிளாட்டினும் அதே வேலையைத்தான் செய்யுது, கேன்சர் செல் உடைஞ்ச டிஎன்ஏவை ரிப்பேர் பண்ண விடாம ரேடியேஷனுக்குப் பலம் சேர்க்குது. 93 சோதனைகள், 17,000 பேருக்கு மேல, எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டுப் பார்த்த அலசல்ல, ரேடியேஷனோட சேர்த்து கீமோ குடுத்தா அஞ்சு வருஷத்துல உயிரோட இருக்கறவங்க 100க்கு ஆறேழு பேர் கூடறாங்கன்னு உறுதியாச்சு. இது ஆயுள் கணக்கு, கட்டி சுருங்கின கணக்கு இல்ல. நீங்க 22 லட்சம் குடுத்துத் தேடிப்போற ‘ரேடியேஷனோட இன்னொண்ணு சேர்க்கறது’ங்கற வைத்தியம், ஏற்கெனவே ஆதாரத்தோட உங்க அப்பா கையில ட்ரிப்ஸா ஏறிட்டிருக்கு.

இன்னொண்ணு, அந்த மூக்குப் பின்பக்கக் கேன்சர் தென் சைனாவுல அதிகம், எப்ஸ்டீன் பார் வைரஸோட சம்பந்தப்பட்டது, ரேடியேஷனுக்கு நல்லாவே கேட்கும். உங்க அப்பாவோடது அடிநாக்கு, பி16 (ஹெச்பிவி வைரஸால வந்த கேன்சரான்னு காட்டற டெஸ்ட்) நெகட்டிவ்னும் ரிப்போர்ட்ல இருக்குன்னு எழுதியிருக்கீங்க, அப்போ இது புகையிலை வழியா வந்த வகை, முரட்டு வகை. அங்க வந்த நம்பரை இங்க அப்படியே தூக்கி வைக்க முடியாது.

அப்போ மத்த நாடுங்க ஏன் எடுத்துக்கல

மறைக்கறாங்கன்னு ஏஜென்ட் சொன்னாரே, அதுக்காகத்தான் இந்தக் கதை. அமெரிக்காவுல இன்ட்ரோஜென்னு ஒரு கம்பெனி இதே மாதிரி பி53 அடினோவைரஸ் ஊசியை அட்வெக்சின்ங்கற பேர்ல வருஷக்கணக்கா சோதிச்சாங்க. 2008ல மருந்துக்கு அனுமதி குடுக்கற அமெரிக்க எஃப்டிஏ அந்த விண்ணப்பத்தைப் பரிசீலனைக்கே எடுத்துக்கல, அந்த வருஷக் கடைசியில கம்பெனி திவால். மறைக்கறதா இருந்தா இத்தனை பேர் கோடி கோடியா செலவு பண்ணி முயற்சி பண்ணியிருக்க மாட்டாங்க.

எனக்குத் தனிப்பட்ட முறையில ரொம்ப வருத்தம் டிஎன்எஃபரேட்ங்கற இன்னொரு ஊசி விஷயத்துலதான். சிகாகோ யுனிவர்சிட்டியில ரால்ஃப் வைக்செல்பாம் மாதிரி ஆட்கள் யோசிச்சது. ரேடியேஷன் பட்டா மட்டும் ஆன் ஆகற ஒரு சுவிட்ச்சோட ஒரு ஜீனை வைரஸ்ல வெச்சு கட்டிக்குள்ள விடறது, கரண்டு எங்க படுதோ அங்க மட்டும் கேன்சரைத் தாக்கற புரதம் சுரக்கும். கேட்கவே எவ்ளோ அழகா இருக்கு பாருங்க. கணையக் கேன்சர்ல 304 பேருக்குச் சோதனை பண்ணாங்க, ஊசி போட்டவங்களுக்கும் போடாதவங்களுக்கும் ஆயுள் ஒரே மாதிரி, நடுமதிப்பு 10 மாசம், 2010ல நிறுத்திட்டாங்க. மூளைக் கட்டியில 248 பேருக்கு ஆபரேஷன், ரேடியேஷனோட ‘தற்கொலை ஜீன்’, அதாவது கேன்சர் செல்லையே சாக வைக்கற ஜீன், சேர்த்துப் பார்த்த சோதனை 2000ல வெளியாச்சு, அதுலயும் பிரயோஜனமில்ல.

எல்லாமே தோல்வின்னும் சொல்ல மாட்டேன். அதே தற்கொலை ஜீன் முறையை ப்ராஸ்டேட்டுக்குக் கொண்டுபோனாங்க. அக்கி, ஹெர்பீஸ் இதுக்குக் குடுக்கற வலாசைக்ளோவிர் மாத்திரை இருக்கே, அதை கேன்சர் செல்லுக்குள்ள விஷமா மாத்தற ஜீனை ஊசியில போட்டு, மாத்திரையும் குடுத்து, ரேடியேஷனும் குடுக்கறது. 745 ஆண்கள்கிட்ட நடந்த சோதனை, 2024 டிசம்பர்ல முடிவை அறிவிச்சாங்க, நோய் திரும்ப வர்றது அல்லது எந்தக் காரணத்தாலயாவது இறக்கறதுங்கற அபாயம் 30 சதவீதம் குறைஞ்சிருக்கு. மொத்த ஆயுள் கூடுதுன்னு அப்போ காட்டல. இருந்தாலும் இந்தத் துறையில இத்தனை வருஷத்துல வந்த நல்ல சேதி இது, ஆனா ப்ராஸ்டேட்டுக்கு, அடிநாக்குக்கு இல்ல.

இடைவெளி விட்டா என்ன ஆகும்

லெட்டர்ல என்னைப் பயமுறுத்தின இடம் 22 லட்சம் இல்ல, ‘நிறுத்திட்டு வாங்க’ங்கற வார்த்தை.

ரேடியேஷன்ல ஒவ்வொரு நாளும் ஒரு பங்கு செல் சாகும், மிச்சம் இருக்கறது பெருகப் பார்க்கும். தலை கழுத்துக் கேன்சர்ல ஒரு குணம் உண்டு, சுமார் நாலு வாரத்துக்கு அப்புறம் மிச்ச செல்லுங்க முன்னைவிட வேகமாப் பெருக ஆரம்பிக்கும். அதனாலதான் ஏழு வாரத்துல முடிக்கணும்னு நாங்க மாரடிக்கறது. மொத்தச் சிகிச்சை ஒரு நாள் நீண்டா கட்டி அடங்கற வாய்ப்பு சுமாரா ஒண்ணு, ஒண்ணரை சதவீதம் குறையுதுன்னு பல ஆய்வுகள் சொல்லுது. விசா, டிக்கெட், அங்க போய் மறுபடி ஸ்கேன், தலை அசையாம பிடிக்கற புது மாஸ்க், புது ப்ளான், ஊசிக்கு அனுமதின்னு ரெண்டு மூணு வாரம் கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள போயிடும். 20 நாளைப் பெருக்கிப் பாருங்க. அந்த ஊசி நல்லாவே வேலை செய்யும்னு வெச்சுக்கிட்டாகூட, அது குடுக்கறதைவிட அதிகமா நீங்க போற வழியிலயே தொலைச்சிருப்பீங்க.

‘அங்க முதல்ல இருந்து ஆரம்பிச்சுக்கலாம்’ங்கறதும் நடக்காத பேச்சு. 12 தடவையில கட்டிக்கு 24 கிரே போயாச்சு. கழுத்துக்குள்ள ஓடற தண்டுவடம் தாங்கற அளவு சுமார் 45, 50 கிரேதான், ஏற்கெனவே பட்டதை உடம்பு கணக்குல வெச்சிருக்கும். எந்த ஊர்ல எந்த மிஷின்ல குடுத்தாலும் பழைய கணக்கைக் கழிச்சுட்டுத்தான் குடுக்கணும். கணக்கு பார்க்காம மறுபடி 70 குடுத்தா கை கால் விழுந்துடற அபாயம் இருக்கு.

போன மூணு நாளைப் பத்தி பதறாதீங்க, ஈடு கட்ட வழி இருக்கு. நாளைக்குப் போனதும் உங்க ரேடியேஷன் டாக்டர்கிட்ட ‘விட்டதை எப்படி சரிக்கட்டுவீங்க’ன்னு நேராக் கேளுங்க. சனிக்கிழமை வெச்சு குடுக்கலாம், இல்லன்னா சில நாள் காலையில ஒண்ணு, குறைஞ்சது ஆறு மணி நேரம் விட்டு சாயங்காலம் ஒண்ணுன்னு குடுக்கலாம். கேட்காம விட்டா கடைசியில மூணு நாள் தள்ளிப்போய் முடிஞ்சிடும், யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க, கேளுங்க.

அப்பா வரமாட்டேன்னு படுத்ததுக்குக் காரணம் ஜீன் இல்ல, வாய்ப்புண். அதைத்தான் முதல்ல தீர்க்கணும். இன்னும் 23 தடவை இருக்கு, புண்ணு கூடத்தான் செய்யும், இதை மறைச்சு ஒண்ணும் ஆகப்போறதில்ல. வலி மருந்து கேளுங்க, பாராசிட்டமால்ல நிக்கலன்னா மார்ஃபின் வரைக்கும் போகலாம், கேன்சர் வலிக்கு டாக்டர் அளவு பார்த்துக் குடுக்கற மார்ஃபினுக்கு அடிமையாயிடுவாரோங்கற பயம் வேண்டாம். உப்பும் சமையல் சோடாவும் கலந்த வெதுவெதுப்பான தண்ணியில ஒரு நாளைக்கு நாலஞ்சு தடவை கொப்பளிக்கச் சொல்லுங்க. காரம், புளி, சூடு வேண்டாம், குழைஞ்ச கஞ்சி, கேழ்வரகுக் கூழ், முட்டையை அடிச்சு ஊத்தின பால், எது இறங்குதோ அது. அதுவும் இறங்கலன்னா மூக்கு வழியா ட்யூப் போட்டுக்கறது தோல்வி இல்லம்மா, ட்யூப் போட்டவங்க கரண்டை முடிச்சுட்டு எடுத்துட்டுப் போறாங்க, போடமாட்டேன்னு அடம் பிடிச்சவங்க பாதியில நிக்கறாங்க. வாராவாரம் எடை பார்க்கணும், கீமோவுக்கு முன்னாடி கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி இருக்குன்னு காட்டற ரத்த டெஸ்ட்) பார்க்கணும், காதுல இரைச்சல் வந்தா உடனே சொல்லணும். சிறுநீரகமோ காதோ சிஸ்பிளாட்டினைத் தாங்கலன்னா அதோட எல்லாம் முடிஞ்சதுன்னு இல்ல. சிஸ்பிளாட்டின் ஒத்துக்காதவங்களுக்கு வாரம் ஒரு தடவை குறைஞ்ச அளவு டோசிடாக்சல் குடுத்து மும்பை டாடா மெமோரியல் ஆஸ்பத்திரி பண்ணின ஆராய்ச்சியில, ரெண்டு வருஷம் கழிச்சு உயிரோட இருந்தவங்க 41.7ல இருந்து 50.8 சதவீதமா கூடினாங்க. அது இங்கயே கிடைக்கற மருந்து.

நீங்க ஒரே வரியில தாண்டிப்போன பீடி

இது உங்களுக்குப் பிடிக்காது, ஆனா சொல்லாம விட முடியல. உங்க லெட்டர்ல ஜீனுக்கு மூணு பக்கம், பீடிக்கு ஒரு வரி. 1993ல கனடாவுல இருந்து வந்த ஒரு ஆராய்ச்சி, தலை கழுத்துக் கேன்சருக்கு ரேடியேஷன் எடுத்துக்கிட்ட 115 பேரைப் பின்தொடர்ந்தது. சிகிச்சை நடக்கறப்பவும் புகைபிடிச்சவங்கள்ல கட்டி முழுசா மறைஞ்சது 45 சதவீதம் பேருக்கு, பிடிக்காதவங்கள்ல 74. ரெண்டு வருஷம் உயிரோட இருந்தது 39க்கு 66. எல்லா வித்தியாசமும் புகையால மட்டும்னு சொல்லிட முடியாது, விடாம பிடிக்கறவங்களுக்கு வேற பிரச்சினைகளும் இருக்கும். ஆனா காரணம் புரியற காரணம்தான், ரேடியேஷன் வேலை செய்ய ரத்தத்துல ஆக்சிஜன் வேணும், புகையில வர்ற கார்பன் மோனாக்சைடு அந்த இடத்தைப் பிடிச்சுக்குது. செலவே இல்லாம சிகிச்சைக்குப் பலம் சேர்க்கணும்னா இதுதான் அது. அவரைத் திட்டாதீங்க, நாப்பது வருஷப் பழக்கம் மகள் திட்டி நிக்காது. நிக்கோட்டின் பட்டை, மாத்திரைன்னு உதவி இருக்கு, டாக்டர்கிட்ட அவர் முன்னாடியே கேளுங்க. அண்ணன் வாங்கிக் குடுக்கறதை நிறுத்தணும், அது உங்க வேலை.

ஊசியை இங்க வரவழைக்கறது, உங்க உரிமைகள்

ஜென்டிசினுக்கு இந்தியாவுல விற்பனை அனுமதி கிடையாது. அனுமதி இல்லாத ஜீன் தெரபியை இங்க குடுக்கணும்னா அது கிளினிக்கல் ட்ரையலா, மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்போட அனுமதியோட, எதிக்ஸ் கமிட்டி பார்த்து, சிடிஆர்ஐங்கற அரசாங்கப் பதிவேட்ல பதிவு பண்ணித்தான் நடக்கணும். ஐசிஎம்ஆர், அதாவது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், 2019ல ஜீன் தெரபிக்குன்னே தனி வழிகாட்டு நெறிகள் போட்டிருக்கு. ‘நாங்க மருந்து பாட்டிலை ஐஸ் பெட்டியில வெச்சு கொண்டாந்து தர்றோம், ஒரு தனியார் கிளினிக்ல போட்டுக்கலாம்’னு அந்த ஏஜென்ட் அடுத்து சொல்லலாம். அப்படிச் சொன்னா உள்ள என்ன இருக்குன்னு உங்களுக்கோ, போடற டாக்டருக்கோ தெரிய வழியே இல்ல.

யாராவது ‘ட்ரையல்’னு சொன்னா சிடிஆர்ஐ நம்பரைக் கேளுங்க, அந்தப் பதிவேட்டை யார் வேணும்னாலும் இன்டர்நெட்ல பார்க்கலாம். முறையான ட்ரையல்ல சோதனைக்கான செலவை நோயாளி தலையில கட்டக்கூடாது, பணம் கேட்டாலே சந்தேகப்படுங்க. 2019 விதிகள்படி ட்ரையலால உடம்புக்குக் கேடு வந்தா இலவச சிகிச்சையும் நஷ்டஈடும் உண்டு, எப்ப வேணும்னாலும் காரணம் சொல்லாம விலகிக்கலாம், விலகினதுக்காக வழக்கமான வைத்தியத்தை நிறுத்தக்கூடாது. நீங்க குடுக்கப்போற 22 லட்சத்துல இதுல எதுவும் கிடையாது. கேன்சரைக் குணப்படுத்தறோம்னு விளம்பரம் பண்றதையே 1954ல வந்த சட்டம் ஒண்ணு தடை பண்ணுது, அவர் குடுத்த நோட்டீஸை பத்திரமா வெச்சுக்கோங்க.

இன்னொரு டாக்டர்கிட்ட கருத்து கேட்கறது உங்க உரிமை, தாராளமா கேளுங்க. ரிப்போர்ட் நகல் எழுதிக் கேட்டா 72 மணி நேரத்துக்குள்ள குடுக்கணும்னு மருத்துவக் கவுன்சில் விதி இருக்கு. கேட்கறப்ப ரேடியேஷன் சுருக்கமும் சேர்த்து வாங்கிக்கோங்க. ஆனா கரண்டு ஓடிட்டிருக்கறப்பவே கேளுங்க, நிறுத்திட்டு இல்ல. காப்பீடு பத்தி நீங்க எழுதவே இல்ல, முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரைக்கும் இருக்கு, அதுல சேர்ந்திருக்கீங்களான்னு ஆஸ்பத்திரி காப்பீட்டுக் கவுன்ட்டர்ல பாருங்க.

மிச்சக் கேள்விகள்

பிள்ளைங்களுக்கு வைரஸ் ஒட்டுமான்னு கேட்டீங்க. ஊசியே போடப்போறதில்லங்கறதால இது தேவையில்லாத கவலை, ஆனாலும் அந்த வைரஸ் பெருக முடியாதபடி செஞ்சது, போட்டவங்களுக்குப் பெரும்பாலும் ஜுரம்தான் வந்துச்சு. அதுக்காக அடினோவைரஸ்னா விளையாட்டும் இல்ல, 1999ல அமெரிக்காவுல ஜெஸி கெல்சிங்கர்னு 18 வயசுப் பையன், வேற ஒரு ஈரல் நோய்க்கான ஜீன் தெரபி சோதனையில இந்த வகை வைரஸை ரத்தக்குழாய் வழியா அதிக அளவுல வாங்கி, நாலே நாள்ல இறந்துட்டான். அதுக்கப்புறம்தான் உலகம் பூரா கண்காணிப்பு இறுகிச்சு. அப்பாவுக்கு இப்ப நடக்கற கரண்டால வீட்ல யாருக்கும் எதுவும் ஆகாது, மிஷினை ஆஃப் பண்ணதும் கதிர் உடம்புல தங்காது, பேரப்பிள்ளைங்க தாராளமா அவர் மடியில உட்காரலாம்.

இந்தியாவுலயே ஜீன் தெரபி வந்துடுச்சுன்னு நியூஸ் பார்த்ததா எழுதியிருக்கீங்க. அது ஐஐடி பாம்பேயும் டாடா மெமோரியலும் சேர்ந்து உருவாக்கின நெக்ஸ்கார்19, 2023ல அனுமதி வாங்குச்சு. ஆனா அது சில வகை ரத்தக் கேன்சருக்கும் நிணநீர்க் கேன்சருக்கும் மட்டும். உங்க அப்பாவோடது கட்டி வகை, அதுக்கு இது பொருந்தாது.

கரண்டு முடிஞ்ச உடனே ஸ்கேன் எடுக்கணும்னு அவசரப்படாதீங்க. பெட் ஸ்கேன் சுமார் 12 வாரம் கழிச்சுத்தான், முன்னாடி எடுத்தா வீக்கத்தையே நோய்னு காட்டும், அப்பத்தான் இந்த மாதிரி ஏஜென்ட்டுங்க மறுபடி வருவாங்க. அந்த ஸ்கேன்ல கழுத்துல மிச்சம் இருந்தா ஆபரேஷன் இருக்கு. ஒருவேளை பின்னாடி திரும்ப வந்தாலும், இங்கயே செலவு கம்மியா ஒரு வழி இருக்கு. டாடா மெமோரியல்ல நிவோலுமாப்ங்கற இம்யூனோதெரபி மருந்தை வழக்கமான டோஸ்ல பத்துல ஒரு பங்குக்கும் குறைவா, மூணு வாரத்துக்கு 20 மில்லிகிராம்னு, மாத்திரைகளோட சேர்த்துக் குடுத்துப் பார்த்தாங்க. ஒரு வருஷம் உயிரோட இருந்தவங்க 16.3ல இருந்து 43.4 சதவீதமா கூடினாங்க. அப்படி ஒரு நிலை வந்து, முறையான ஜீன் தெரபி ட்ரையல் ஏதாவது திறந்திருந்தா, அப்போ உங்க டாக்டர் மூலமா கேட்கலாம், நானே கேட்கச் சொல்லுவேன்.

கடைசியா அந்த 50,000. ஏஜென்ட்டுக்கு போன் பண்ணி சண்டை போடாதீங்க, வாட்ஸ்அப்ல எழுத்துல கேளுங்க: எந்த ஆஸ்பத்திரி, எந்த டாக்டர், மருந்து அனுமதி நகல், ரசீது. பதில் வராது, வந்தாலும் மழுப்பலாத்தான் வரும், அதுவே உங்களுக்கு ஆதாரம். அப்புறம் பணத்தைத் திருப்பிக் கேட்டு ஒரு மெசேஜ், தேதியோட. தரலன்னா தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915ல புகார் குடுங்க, அதுக்கும் மசியலன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல போடலாம், 5 லட்சம் வரைக்கும் உள்ள வழக்குக்கு ஃபீஸ் கிடையாது, வக்கீல் இல்லாமலும் போடலாம். இதையெல்லாம் அண்ணன் பார்த்துக்கட்டும். நீங்க நாளைக்குக் காலையில அப்பாவோட கிளம்புங்க, போறப்ப அந்த மூணு நாள் கேள்வியை ஒரு பேப்பர்ல எழுதிக் கையில வெச்சுக்கோங்க, ஓபி கூட்டத்துல மறந்துடும்.